பாழ்க் கற்களும் பார்க்கச் செல்வோரும்

மக்கள் ஊர்விட்டு ஊர் செல்வதற்குக் காரணங்கள் பல. பிழைப்பைத் தேடிச் செல்வோர் ஒரு சாரார். உறவினரைக் காணச் செல்வோர் மற்றொரு சாரார். புண்ணியந் தேடிப் புறப்படுவோர் இன்னொரு சாரார். இவர்களுள் எவரோடும் சேராத ஒரு கூட்டம் இக்காலத்தே பெருகியிருக்கின்றது. இக்கூட்டத்தார் இடிந்துபோன கட்டிடங்களைக் காண்பதற்காகவே கடல் கடக்கின்றனர். குடியிருப்போர் இல்லாத ஊரையும், கும்பிடுவோர் இல்லாத கோயிலையும், ஆள்வோர் இல்லாத அரண்மனையையும் பார்த்துவிட்டு, பார்த்தோம் என்ற நிறைவோடு வீடு திரும்புகின்றனர். இது குற்றமா? குற்றமன்று. ஆயினும், இப்பார்வையினால் பார்ப்பவனுக்கு உண்டாகும் பயன் யாது? பார்க்கப்படும் பொருளுக்கு அவன் பட்டிருக்கும் கடன் யாது? இவ்விரு வினாக்களையும் பற்றிச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமெரிக்கக் கண்டத்தின் நடுப்பகுதியில், மெக்சிக்கோ நாட்டைச் சார்ந்த யுகட்டான் நிலப்பரப்பிலும், அதனை அடுத்த குவாத்தமாலா, பெலீஸ் முதலிய நாடுகளிலும், மாயர் என்னும் மக்கள் முற்காலத்தில் எழுப்பிய நகரங்கள் காட்டினிடையே சிதைந்து கிடக்கின்றன. அக்கரையோரத்துத் துறைகளில் உல்லாசப் பயணக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. காலையில் இறங்கிய பயணிகள் மாலையில் கப்பலின் ஊதல் கேட்கும் முன்னர்த் திரும்பிவிட வேண்டும். இடைப்பட்ட சில மணி நேரத்தில் அவர்கள் பேருந்தேறி, தூலும் என்னும் இடத்தையோ சிச்சென் இட்சா என்னும் இடத்தையோ அடைந்து, வழிகாட்டி சொல்வதைக் கேட்டு, படம் எடுத்துக்கொண்டு மீள்கின்றனர். சிச்சென் இட்சாவிலுள்ள படிக்கட்டுப் பிரமிடு பெயர் பெற்றது. அதன் நாற்புறமும் பக்கத்திற்கு 91 படிகள். உச்சி மேடையையும் ஒரு படியாகக் கூட்டினால் 365 ஆகும். ஆண்டின் நாட்களைக் கல்லில் எண்ணி வைத்த அம்மக்கள் சுழியத்தின் பயனையும் அறிந்திருந்தனர். தமக்கென எழுத்தும் வைத்திருந்தனர். இவற்றைக் கேட்ட பயணி வியக்கின்றான். வியந்தபின், “மறைந்துபோன மாயர்” என்று பெருமூச்சு விடுகின்றான்.

மறைந்துபோனவர் யார்? அப்பயணி நிற்கும் இடத்திற்குச் சில அடி தூரத்திலேயே பூவேலை செய்த துணியையும், மரத்திற் செதுக்கிய முகங்களையும் விரித்து வைத்து விற்போருள் மாயர் குலத்தவர் பலர். மாய மொழிகளைப் பேசும் மக்கள் இன்றும் பல இலட்சம் பேர் வாழ்கின்றனர். கல்லைக் கண்டு வியந்தவன் அக்கல்லை அடுக்கியவனின் வழித்தோன்றலோடு ஒரு துணியின் விலையைக் குறைக்கப் பேரம் பேசுகின்றான். முன்னோரைப் புகழ்ந்த அதே நாவினால் பின்னோரை ஏழைகள் என இகழ்ந்துவிட்டுக் கப்பலேறுகின்றான். பாழான கற்களைக் காணச் செல்வோர்க்கு நேரும் முதற்பிழை இதுவேயாகும். கட்டிடம் இறந்துபட்டமை கண்டு, மக்களும் இறந்துபட்டனர் எனக் கொள்வது பிழை. இறந்தவர்பால் இரக்கங் காட்டுவது எளிது. அவர்கள் நம்மிடம் ஒன்றும் கேட்கமாட்டார்கள். இருப்பவர்பால் இரக்கங் காட்டுவதே அரிது. அவர்கள் கூலியும் நிலமும் மதிப்பும் கேட்பார்கள்.

அம்மக்களின் நூல்கள் என்னவாயின என்பதும் அறியத்தக்கது. 1562ஆம் ஆண்டில் மானி என்னும் ஊரில், தியேகோ தெ லாந்தா என்னும் ஸ்பானியப் பாதிரியார் மாயரின் ஏட்டுச் சுவடிகளைப் பேயின் பொய்கள் எனக் கருதித் தீயிலிட்டார். இன்று உலகில் எஞ்சியிருக்கும் பழைய மாயச் சுவடிகள் நான்கே. பின்னர் அதே லாந்தா அந்நாட்டைப் பற்றி ஒரு நூல் எழுதி, அதில் மாய எழுத்துக்கள் சிலவற்றைக் குறித்து வைத்தார். அக்குறிப்பினைத் துணையாகக் கொண்டே 1952இல் ருஷ்ய அறிஞர் யூரி நோரசோவ் அவ்வெழுத்தைப் படிப்பதற்கு வழி கண்டார். எரித்தவன் குறிப்பைக் கொண்டே எரிக்கப்பட்டவற்றின் மொழியை மீட்க வேண்டியதாயிற்று. மதவெறி ஒரு நாளில் அழித்ததை அறிவு மீட்பதற்கு ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் ஆயின என்பதை நம் போன்றோர் மறத்தலாகாது.

இது தூர தேசத்துக் கதை என்று தள்ளிவிட வேண்டா. நம் நாட்டிலே, பினாங்கின் சுவெட்டன்ஹாம் துறையிலும் இத்தகைய உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. அங்கிறங்குவோர்க்கு ஜார்ஜ் டவுன் வீதிகளே பெரிதும் காட்டப்படுகின்றன. ஆனால் அத்துறையிலிருந்து தரை வழியே இரண்டு மணி நேரத்திற்குள், கெடா மாநிலத்தில், குனோங் ஜெராய் மலையின் சாரலில், மெர்போக் என்னும் ஊரருகே, புஜாங் பள்ளத்தாக்கு இருக்கின்றது. நம் பழந்தமிழ்ச் சாசனங்கள் கடாரம் எனக் குறிக்கும் நாடு இதுவே என்பது ஆராய்ச்சியாளர் பலரும் ஒப்பிய முடிபு. நாமும் பிரிஞ்சாங் மலையினின்று இறங்கி, ஈப்போ வழியாக வடக்கே சென்று, அவ்விடத்தைக் கண்டுள்ளோம்.

அங்கே காண்பதற்கு மாயரின் பிரமிடு போன்று வானளாவிய கட்டிடம் ஏதுமில்லை. மலையருவியின் ஓரத்தில், மரங்களின் நிழலில், கருங்கல்லால் அமைந்த ஒரு மேடை. அதன் முன்னே தாழ்ந்த மற்றொரு மேடை. அதன்மேல் வரிசையாகத் தூணடிக் கற்கள். இவ்வளவே. புக்கிட் பத்து பகாட் என்பது அவ்விடத்தின் பெயர். “உளியாற் செதுக்கிய கல்லுடைய குன்று” என்பது அம்மலாய்ப் பெயரின் பொருள். கட்டியவர் இன்னார் என்பதை அவ்வூர் மக்கள் மறந்தனர். ஆயினும் இங்கு ஒருவன் உளி பிடித்தான் என்பதை அவர்கள் மறக்கவில்லை. பெயரிலேயே வைத்துக் காத்தனர். மன்னனின் பெயரை மறந்து தொழிலாளியின் வேலையை நினைவிற்கொண்ட அந்த மலாய்க் குடியானவரை நாம் பாராட்டக் கடமைப்பட்டிருக்கின்றோம். 1936, 37ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் என்னும் ஆங்கிலேயர் இப்பள்ளத்தாக்கில் அகழ்ந்து, ஏறக்குறைய முப்பது இடங்களுக்கு எண்ணிட்டுப் பதிவு செய்தார். 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் அலஸ்டயர் லாம்ப் என்பார், சிதறிக் கிடந்த கற்களைச் சேர்த்துப் புக்கிட் பத்து பகாட் கோயிலை மீண்டும் எடுத்து நிறுத்தினார். 1980இல் அதன் அருகே ஒரு பொருட்காட்சிசாலையும் திறக்கப்பெற்றது.

இப்பள்ளத்தாக்கிற்கும் பினாங்கிற்கும் இடைப்பட்ட செபராங் பிறை நிலப்பகுதியில் 1834இல் ஜேம்ஸ் லோ என்பார் ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். அதில் ஒரு பௌத்தத் தூபியின் உருவம் இருக்கின்றது. மாநாவிகனாகிய புத்தகுப்தன் என்பவனின் பெயரும், அவன் செம்மண் நாடு எனப் பொருள்படும் ஊரைச் சேர்ந்தவன் என்பதும், கடற்பயணம் இனிதே முடிய வேண்டும் என்னும் வேண்டுதலும் அதிற் பொறிக்கப்பட்டுள்ளன. அது கி.பி. ஐந்தாம் நூற்றாண்டினது எனக் கணிக்கப்பெற்றது. அறியாமையே துன்பத்தின் வேர் என்னும் பௌத்தக் கருத்தும் அதே கல்லில் காணப்படுகின்றது. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் கப்பலில் வந்து இக்கரையில் இறங்கிய ஒருவன் எடுத்துச் செல்லவில்லை. ஒரு கருத்தை விட்டுச் சென்றான். இன்று கப்பலில் வந்து இறங்குவோன் எதனை விட்டுச் செல்கின்றான் என்பதை அவனே எண்ணிப் பார்ப்பானாக.

தமிழராய்ப் பிறந்தோர் அங்குச் சென்றால் மற்றொரு மயக்கத்திற்கு ஆளாகின்றனர். அயல்நாட்டுப் பயணி கல்லைக் கண்டு மக்களை மறந்தான் எனின், நம்மவர் அரசனைக் கண்டு கல்லையே மறக்கின்றனர். சோழ வேந்தன் இராசேந்திரன் 1025ஆம் ஆண்டில் கடற்படை அனுப்பி, ஸ்ரீவிஜயப் பேரரசின் துறைமுகங்களைத் தாக்கி, கடாரத்தரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைப் பிடித்து, அவன் செல்வத்தையும் கைக்கொண்டான் என அவனது மெய்க்கீர்த்தி கூறுகின்றது. கடாரங்கொண்டான் என்னும் பட்டத்தைச் சொல்லும்போதே நம்மவர் சிலரின் நெஞ்சு விம்முகின்றது. “நேற்று வந்தவர்கள் என்று எம்மைச் சொல்வோரே, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே எம் கொடி இங்குப் பறந்தது காணீர்” என்று மேடைகளில் முழங்குகின்றனர்.

இம்முழக்கத்தை நாம் சற்று நிறுத்துப் பார்க்க வேண்டும். முதலாவது, அப்பள்ளத்தாக்கின் கோயில்களையெல்லாம் சோழன் கட்டினான் என்பதற்குச் சான்றில்லை. அவற்றுட் பல அவன் படையெடுப்பிற்கு முற்பட்டவை. வணிகத்தின் வழியே வந்த பௌத்தத்தையும் சைவத்தையும் அம்மண்ணின் மக்கள் ஏற்று, தம் நிலத்திற்கும் மழைக்கும் ஏற்பக் கட்டிக்கொண்டனர் என்பதே அறிஞர் பலர் கொண்ட கருத்து. இரண்டாவது, இதனினும் முக்கியமானது. ஒருவன் வீட்டில் மற்றொருவன் முன்னொரு நாள் புகுந்து கொள்ளையடித்தான் என்பது, கொள்ளையடித்தவனின் பேரனுக்கு அவ்வீட்டில் பங்கு கேட்கும் உரிமையைத் தருமா? படையெடுப்பே உரிமைச் சீட்டு எனக் கொள்வோமாயின், கெடா சுல்தானுக்குரிய பினாங்குத் தீவில் 1786இல் கொடியேற்றிய ஆங்கிலக் கம்பெனியாரும் அதே சீட்டைக் காட்டலாமன்றோ? வெள்ளையன் செய்தால் கொள்ளை, சோழன் செய்தால் வீரம் என்பது என்ன நியாயம்? இந்நாட்டில் நமக்குள்ள உரிமை உறுதியானது. ஆனால் அதன் வேர் சோழனின் கப்பலில் இல்லை. காடு வெட்டிய கையிலும், இரயில் பாதை போட்ட தோளிலும், பால்மரம் சீவிய விரலிலும், கொழுந்து கிள்ளிய நகத்திலும் இருக்கின்றது. உழைத்துப் பெற்ற உரிமையை விட்டுவிட்டு, உதைத்துப் பெற்ற பெருமையைத் தேடி அலைவது சுயமரியாதை ஆகாது.

கடாரத்திற்கும் தமிழகத்திற்கும் போர் ஒன்றே தொடர்பு என்று எண்ணுவதும் பிழை. அப்படையெடுப்பிற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன், 1006ஐ ஒட்டிய காலத்தில், கடாரத்து அரசர் குடியினர் நாகப்பட்டினத்தில் சூளாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளியை எழுப்பினர். சைவனாகிய இராசராச சோழன் அப்பள்ளிக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை வழங்கினான். லெய்டன் செப்பேடுகள் என வழங்குவன இச்செய்தியைச் சொல்கின்றன. அயல்நாட்டான் தன் சமயத்துப் பள்ளியைத் தமிழ் மண்ணில் கட்டிக்கொள்ள இடந்தந்த அச்செயலை நம் மேடைகள் பேசக் காணோம். ஊரை எரித்ததைப் பாடுகின்றோம். ஊரைக் கொடுத்ததை மறக்கின்றோம். நாகப்பட்டினத்தில் எஞ்சி நின்ற பழைய பௌத்தக் கோபுரம், இயேசு சபையார் விண்ணப்பிக்க, சென்னை அரசாங்கத்தார் அனுமதி தர, 1867இல் இடித்துத் தள்ளப்பட்டது. ஆகவே, இடிப்பவர் பிற நாட்டாரே, பிற மதத்தாரே, நாம் காப்பவரே என்று மார்தட்டிக்கொள்ள நமக்கும் இடமில்லை. அக்கோபுரம் நம் ஊரில் நின்றது. அது வீழ்ந்த பின்னரே அதன் அருமையை நாம் ஏடுகளிற் படிக்கின்றோம்.

இங்கே நம் இயக்கத்து அன்பர் சிலர் நம்மைத் தடுத்து ஒரு கேள்வி கேட்கலாம். “கோயில்கள் மக்களின் மடமைக்கு நிலைக்களம் என்று சொல்லி வந்தவர்களன்றோ நாம்? கும்பிடுவோர் அற்ற கோயில் அழிந்தால் நமக்கென்ன நட்டம்? அக்கல்லில் ஏழைகளுக்கு நாலு வீடு கட்டினால் அதுவன்றோ நன்மை?” என்பர். இக்கேள்வியை எளிதில் ஒதுக்க முடியாது. உயிருள்ள மனிதனுக்குக் கூரையா, உயிரற்ற கல்லுக்கு வேலியா என்று மெய்யாகவே ஒரு நெருக்கடி வருமாயின், கூரைக்கே நாமும் கை தூக்குவோம்.

ஆனால் அத்தகைய நெருக்கடி வருவது மிக அரிது. கல்லைத் தொழுவது வேறு. கல்லைப் படிப்பது வேறு. நாம் தொழுவதை மறுத்தோமேயன்றிப் படிப்பதை மறுத்தோமில்லை. மடமை எவ்வாறு பிறந்தது, எவ்வாறு வளர்ந்தது, எவ்வாறு ஒரு நாட்டில் ஒரு மதம் போய் மற்றொரு மதம் வந்தது என்பதற்குக் கற்களே சாட்சி. சாட்சியைக் கொன்றுவிட்டு வழக்கை நடத்துவது எப்படி? எக்காலத்தும் நிலைபெற்றிருப்பது எம் மதம் ஒன்றே என்று எவரேனும் சொல்லுவாராயின், அவரை மெர்போக்கிற்கு அழைத்துச் சென்று அந்தத் தூணடிக் கற்களைக் காட்டினால் போதும். அங்கே பௌத்தம் இருந்தது, சைவம் இருந்தது, இன்று அவ்வூரார் இஸ்லாமியர். மலை மட்டும் அதே மலை. பகுத்தறிவுக்கு இதனினும் சிறந்த பாடசாலை வேறு உண்டோ?

இனி, கல்லைப் படிப்பதில் ஒரு முறையுண்டு. புக்கிட் பத்து பகாட்டில் கல் மேடை நிற்கின்றது. அதன்மேலிருந்த மரத்தூணும் கூரையும் மண்ணாய்ப் போயின. தூண்கள் நின்ற குழிகளைக் கொண்டே கூரை இருந்தது என அறிகின்றோம். கோயிலுக்கே இக்கதியெனின், அக்கோயிலைக் கட்டியவன் வாழ்ந்த வீடு என்னவாயிற்று? மூங்கிலாலும் கீற்றாலும் ஆன அவ்வீட்டிற்கு அடையாளமாக ஒரு குழியேனும் எஞ்சியிருக்குமா? செல்வனின் பொருள் கல்லானது, ஆதலின் நின்றது. எளியவனின் பொருள் கீற்றானது, ஆதலின் அழிந்தது. எஞ்சியவற்றை மட்டும் கண்டு எழுதப்படும் வரலாறு, யாவரும் அரசராகவும் குருமாராகவும் இருந்த ஓர் உலகத்தைக் காட்டுவதில் வியப்பென்ன? ஆகவே இடிபாட்டின் நடுவே நிற்பவன், கண்ணுக்குத் தெரியாத கீற்று வீடுகளையும் மனக்கண்ணாற் காண வேண்டும். இக்கருங்கல்லை மலையேற்றிய தோள் யாருடையது? அவன் அடிமையா, கூலியா, பக்தனா? மேடை முடிந்த நாளில் அவனை உள்ளே விட்டார்களா, வாயிலிலேயே நிறுத்தினார்களா? விடை கிடையாமற் போகலாம். கேள்வி கேட்பதே கடமையின் தொடக்கம்.

நற்பேறாக, அப்பள்ளத்தாக்கிலேயே தொழிலாளியின் சுவடும் ஓரிடத்திற் கிடைத்திருக்கின்றது. சுங்கை பத்து என்னுமிடத்தில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழ்வில், இரும்பு உருக்கிய இடங்களும், உலைக்குக் காற்று ஊதிய மண்குழாய்களும், இரும்புக் கசடும் பெருமளவில் வெளிப்பட்டன. தெய்வ உருவமும் இல்லை, அரசன் பெயரும் இல்லை. உடைந்த மண்குழாய்களே குவியல் குவியலாய்க் கிடக்கின்றன. தீயின் முன்னே நாள் முழுதும் நின்று துருத்தி மிதித்த மக்களின் சின்னம் அவை. கப்பல் ஏறி வந்த வணிகன் வெறுங்கையோடு திரும்பாதிருந்தமைக்கு அவர்களும் காரணராவர். நம்மைக் கேட்டால், கோயில் மேடையினும் அக்குழாய்த் துண்டுகளின் முன்னேயே நெடுநேரம் நிற்பது தகும் என்போம்.

இவ்வளவு கூறியபின் ஒரு துயரச் செய்தியையும் கூற வேண்டியிருக்கின்றது. 2013ஆம் ஆண்டு மே மாதத்தில், பெலீஸ் நாட்டின் வடபகுதியில், நோமுல் என்னும் இடத்திலிருந்த மாயரின் பெரிய பிரமிடு மண்வாரி இயந்திரங்களால் குடைந்து எடுக்கப்பட்டது. காரணம் போரா? மதவெறியா? இரண்டுமில்லை. சாலைக்குக் கொட்ட ஜல்லி வேண்டியிருந்தது. இரண்டாயிரம் ஆண்டு நின்றது சாலையின் அடிமண்ணாயிற்று. அதே 2013ஆம் ஆண்டின் இறுதியில், நம் புஜாங் பள்ளத்தாக்கில், குவாரிச் வேல்ஸ் பதினொன்று என எண்ணிட்ட சண்டி, அஃதாவது பழங்கோயிலின் அடித்தளம், நிலத்தைச் சமன் செய்யும் வேலையில் தகர்க்கப்பட்ட செய்தி வெளிவந்தது. நிலம் தனியாருடையது. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் நாட்டில் இருந்தது. ஆனால் அந்த இடம் அச்சட்டத்தின்கீழ் அரசிதழில் பதிவாகியிருக்கவில்லை. எண்ணிடப்பட்டு எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அதனைச் சுற்றி ஒரு வேலி இல்லை. உலகின் இரு கோடிகளில், ஒரே ஆண்டில், ஒரே வகை இயந்திரம் ஒரே வேலையைச் செய்தது.

லாந்தா எரித்தபோது, தாம் எரிப்பது இன்னது என அறிந்தே எரித்தார். வெறுப்பிலும் ஒரு வகை மதிப்பு உண்டு. அஞ்சத்தக்கது என எண்ணியதாலேயே எரித்தார். இக்காலத்து அழிவோ அறியாமலே நிகழ்கின்றது. இயந்திரத்தை ஓட்டியவனுக்கு அது மண்மேடு. நிலத்தை வாங்கியவனுக்கு அது இத்தனை சதுர அடி. ஆவணத்தில் இல்லாததால் அதிகாரிக்கு அது ஒன்றுமேயில்லை. எவரிடத்தும் பகையில்லை, எனினும் பொருள் அழிந்தது. இயந்திரம் ஓட்டிய கூலிக்காரனை நாம் நோவது தகாது. நமக்குள் எத்தனை பேர் அதற்கு முன் அந்தப் பதினோராம் எண்ணைக் கேள்விப்பட்டிருந்தோம்? ஆங்கிலத்திற் கற்ற நம் போன்றோர்க்கு எகிப்தின் பிரமிடும் ரோமாபுரியின் அரங்கமும் பாடமாயின. கெடா நம் வாசலில் இருந்தும் பாடமாகவில்லை. அது வீழ்ந்த பின்னரே நம்மவர் கூடிக் கண்டித்தனர். கண்டித்தது நன்று, ஆயினும் பிணத்தின் அருகே கூடுவோர் கூட்டத்தை நோயாளியின் அருகே காணோம்.

நினைவு என்பது கல்லின் தன்மையன்று, காப்போரின் தன்மை என்பதற்குச் சயாமில் ஒரு சான்று உண்டு. ஜப்பானியர் 1942, 43ஆம் ஆண்டுகளில் சயாமிலிருந்து பர்மாவிற்கு 415 கிலோமீட்டர் இரயில் பாதை போட்டனர். அதன் பாலத்தைப் பார்க்க இன்று காஞ்சனபுரிக்குப் பயணிகள் திரள்கின்றனர். நேச நாட்டுப் போர்க் கைதிகளுள் ஏறக்குறைய 7,000 பேர்க்கு அங்கே கல்லறைகள் வரிசை வரிசையாய் இருக்கின்றன. புல் வெட்டப்பட்டு, பூச்செடி வைக்கப்பட்டு, நாள்தோறும் பேணப்படுகின்றன. அதே பாதையில் மடிந்த ஆசியத் தொழிலாளர் பல பதினாயிரவர். அவருள் மலாயாத் தோட்டங்களினின்று கொண்டு செல்லப்பட்ட தமிழர் மிகப் பலர். அவர்களுக்குத் தனித்தனிக் கல்லறையுமில்லை; பெயர்ப் பட்டியலுமில்லை. கைதிகளைப் பேணியதில் தவறொன்றுமில்லை. அந்நாட்டார் தம் மக்களை எண்ணினர், பெயர் எழுதினர். நம்மவரை எண்ணுவார் இல்லை. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கடாரங்கொண்டானின் பட்டத்தை மனப்பாடமாய்ச் சொல்லும் நாம், நம் பாட்டன்மாரோடு புறப்பட்டுச் சென்று மீளாதவர்களின் பெயர்களுள் எத்தனையைச் சொல்ல வல்லோம்?

இம்மலைக்கு வருவோம். கேமரன் மலைக்கும் பயணிகள் நாள்தோறும் வருகின்றனர். பிரிஞ்சாங்கின் மேலேயுள்ள தேயிலைச் சரிவுகளின் முன்னே நின்று, பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் இருக்கின்றது எனப் படம் எடுக்கின்றனர். விடுமுறை நாட்களில் சாலையில் வண்டிகள் நகர இடமிராது. அவர்களுட் பெரும்பாலோர் இதனை இயற்கைக் காட்சி என்றே எண்ணுகின்றனர். இதில் இயற்கை எவ்வளவு? தேயிலையை அதன் போக்கில் விட்டால் மரமாய் ஓங்கிவிடும். அதனை இடுப்பளவில் நிறுத்தி வைத்திருப்பது கவாத்துக் கத்தி. 1929இல் இம்மலையில் பெருந்தோட்ட வேலை தொடங்கிய நாள் முதல், செங்குத்தான இச்சரிவுகளில் காடழித்து, நாற்று நட்டு, மழையிலும் பனியிலும் கொழுந்து பறித்தவர்கள் தென்னாட்டினின்று வந்த ஆணும் பெண்ணும் ஆவர். இன்று அவர் பிள்ளைகளுட் பலர் கீழே நகரங்களுக்குச் சென்றுவிட்டனர். அவர் விட்ட இடத்தில் வங்காளதேசத்தினின்றும் நேப்பாளத்தினின்றும் இந்தோனேசியாவினின்றும் வந்தோர் நிற்கின்றனர். படத்தில் அவர்களும் சிறு புள்ளிகளாய் விழுவர். மாயப் பிரமிடின் முன்னே துணி விற்பவளைக் காணாத கண்ணும், தேயிலைச் சரிவில் கூடை சுமப்பவனைக் காணாத கண்ணும் ஒரே கண்ணே.

பயணியை மட்டும் குறை சொல்லி நாம் தப்பிக்க முடியாது. 1885இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இப்பக்கம் வந்ததால் இம்மலை அவர் பெயர் பெற்றது. அவர் வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே செமாய் என்னும் பழங்குடி மக்கள் இக்காடுகளில் வாழ்ந்து வருகின்றனர். சாலையோரத்தில் தேனும் பெத்தாய்க் காயும் வைத்து விற்கும் அவர்களை நாம் தினமும் கடந்து போகின்றோம். நம்மை நேற்று வந்தவர் என்போர்மீது சினங்கொள்ளும் நாம், என்றும் இருந்தவர்களை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அவர்கள் கல்லிற் கட்டவில்லை. ஆகவே அவர்களைக் காணக் கப்பலும் வருவதில்லை. நம் தோட்டத்துப் பழைய பலகை லயங்களும் அவ்வாறே. அவை சாய்ந்தால் விறகாகும். அங்குப் பிறந்தவர் யார், அங்கு இறந்தவர் யார் என்பது எங்கும் கல்லில் எழுதப்படவில்லை.

ஆகவே நாம் சொல்ல வருவது இது. இடிபாடுகளைப் பார்க்கச் செல்லுங்கள், குடும்பத்தோடு செல்லுங்கள், பிள்ளைகளையும் பெண்களையும் அழைத்துச் செல்லுங்கள். ஆனால் பெருமை வாங்குவதற்குக் கடைக்குப் போவது போலப் போகாதீர்கள். கடன்காரன் கணக்குப் பார்க்கப் போவது போலப் போங்கள். இதனைச் செய்த கைகள் யாருடையன, இதனை அழியவிட்டவர் யார், செய்தவரின் வழிவந்தோர் இன்று எந்நிலையில் இருக்கின்றனர் என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு விடை காணாதவன், முதலிரண்டிற்கும் விடை கண்டும் பயனில்லை.

நம் மன்றங்களும் வாசகசாலைகளும் செய்யத்தக்க காரியங்களும் உள. ஆண்டுக்கொரு முறை திருவிழாவிற்குப் பேருந்து பிடிப்பது போல, மெர்போக்கிற்கும் ஒரு பேருந்து பிடிக்கலாம். தமிழ்ப்பள்ளி மாணவரை மலாய்ப் பள்ளி மாணவரோடு சேர்த்தே அழைத்துச் செல்லலாம். அக்கற்கள் இரு சாராருக்கும் பொது. தத்தம் தோட்டத்தில் எஞ்சியுள்ள பழைய லயம், கோயில், பள்ளிக்கூடம், இடுகாடு ஆகியவற்றைப் படம் எடுத்து, ஆண்டு குறித்து, முதியோரைக் கேட்டுப் பெயர் எழுதி வைக்கலாம். இதற்குப் பெரும்பணம் வேண்டா. ஒரு குறிப்பேடும், ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் போதும். முதியோர் குறைந்துகொண்டே வருகின்றனர் என்பதை மட்டும் மனத்திற்கொண்டு, வரும் ஞாயிற்றுக்கிழமையே தொடங்குவது நன்று.